அரைமண்டிக்கு அரை டிக்கெட்

"எம்பொண்ண உக்காரவும் உட மாட்டேன்றீங்க, நிக்கவும் உட மாட்டேன்றீங்க. இது இன்னா ஞாயம் வாத்தியாரே?"

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் இந்தக் கேள்வி காதில் விழுந்தது. இடம் கிடைக்காமல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த நான், யாரோ என் வழக்கைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கேட்டவள், பக்கத்தில் நின்ற பாவாடைப் பெண்ணின் அம்மா. மாட்டிக்கொண்டவர் டான்ஸ் வாத்தியார்.

"அதுக்குப் பேரு அரைமண்டிம்மா. முட்டிய மடக்கிப் பாதி உக்காரணும். டான்ஸுக்கு அதான் அஸ்திவாரம்."

"முட்டி வலிக்குதுன்னு ராவெல்லாம் அழுவுது. நாளையிலேர்ந்து வராது."

"அப்படிச் சொல்லாதம்மா. விஜயதசமிக்குச் சேர்ந்த புதுப் பசங்க சுண்டல் தீர்ந்ததும் ஓடிட்டாங்க. உம்பொண்ணு ஒண்ணுதான் மிச்சம். அதுவும் நின்னுட்டா, கிளாச மூட வேண்டியதுதான்."

"எங்க நின்னுது? அதான் நிக்க உடலியே!"

அதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். பெண் வயதுக்கு மீறிய உயரம். எந்தக் கண்டக்டரும் முழு டிக்கெட்தான் கேட்பார். அம்மாவின் குரல் சட்டென்று தணிந்தது.

"ஏய், வாத்தியாரு சொன்ன மாதிரி பாதி உக்காருடி."

பெண் ஒரு சாண் குறைந்தாள். மடங்கிய முழங்காலைப் பாவாடை மறைத்துக்கொண்டது. கண்டக்டர் மறுபேச்சில்லாமல் அரை டிக்கெட் கிழித்தார். எனக்கும் ஆசைதான், ஆனால் என் முட்டி மடங்கினால் நிமிராது.

அம்மா வாத்தியார் பக்கம் குனிந்தாள்.

"காஞ்சிபுரம் வரிக்கும் தாங்குமா வாத்தியாரே?"

"தெனம் கிளாசுக்கு அனுப்பும்மா. மெட்ராஸ் வரிக்கும் தாங்கும்."