கேட் திறந்தவருக்காகக் காத்திருந்தவன்

இருட்டத் தொடங்குகிற நேரம். மலைமேல் இருக்கும் பழைய சுரங்க ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்குகிற மண் பாதை... நாளைக்கு நீங்கள் ஆசைப்பட்டுப் பார்க்கப் போகிறீர்களே, அதே பாதைதான். இரண்டு பக்கமும் புதர்க்காடு. வீடு கிடையாது. போனில் சிக்னல் கிடையாது.

என் நண்பன் டெல்லின் அக்கா புருஷன் லாய்ல். நெவாடாவில் எங்கள் மாவட்டத்திலேயே மாடு மேய்த்து வளர்ந்துவிட்டு, ரீனோ நகரத்தில் போய்க் குடியேறியவன். சில வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில் ஒரு நாள் மகள் ட்ரூடியைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்ட வந்தான். ஆறு வயதுக் குழந்தை. காலையில் ஓடையில் மீன் பிடித்தார்கள். மத்தியானம் வெள்ளிச் சுரங்கம், பழைய கல்லறைகள் எல்லாம் சுற்றினார்கள். திரும்பும்போது குழந்தை பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. தூங்கவில்லை. அதனால்தான் நமக்கு இந்தக் கதை தெரியும்.

பாதி வழியில், மாடுகள் வெளியே போகாமல் தடுக்கிற கேட். அந்தப் பாதைக்கே அது ஒன்றுதான். லாய்ல் பிரேக் போட்டான்... கேட்டருகே ஓர் ஆள் நின்றிருந்தார். தொப்பி, நீளக் கோட்டு. வண்டியைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றித் திறந்துவிட்டார்.

உங்களைப் போல நகரத்து ஆளாக இருந்தால் கையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான். பிழைத்தும் இருப்பான். இவன் எங்கள் ஊர்க்காரன் ஆயிற்றே! இங்கே பக்கத்துச் சீட்டில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறப்பார். ஓட்டுகிறவன் தாண்டிப்போய் நிற்பான், அவர் மூடிவிட்டு வந்து ஏறும் வரைக்கும். கேட் திறந்தவரை விட்டுவிட்டுப் போகிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டோம். லாய்ல் யோசிக்கவே இல்லை. தாண்டினான். நின்றான். எட்டிப் பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டான்.

பின்னால் சங்கிலி... கிளிங். சரளையில் பூட்ஸ் சத்தம். சீட்டு அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. நனைந்த கம்பளி நாற்றம்... கூடவே சுரங்கத்துக்குள் இருக்கும் அந்தச் சில்லிட்ட வாடை.

"எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தான் லாய்ல்.

கொஞ்ச தூரம் போனதும் வெளிச்சத்தில் இன்னொரு கேட்.

அவர் இறங்கினார். திறந்தார். மூடினார். ஏறினார். மறுபடியும் ஒரு கேட்... அப்புறம் இன்னொன்று. லாய்ல் வண்டியைத் திருப்பினான். அந்தப் பக்கமும் கேட்.

"விட்டுட்டு ஓடியிருக்கலாம்ல?" என்கிறாயே கார்லா, அவர் இறங்கின நேரம் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடித்தான் பார்த்தான். அடுத்த கேட்டில் அவர் முன்னாலேயே வந்து நின்றார். ஒரு தடவை ஏற்றிக்கொண்டாயிற்று, அவ்வளவுதான்.

அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டவள் போல ட்ரூடி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அடுத்த கேட்ட நான் தொறக்கணுமாம். அவருக்குக் கை ஓஞ்சு போச்சாம். இனிமே நம்ம முறையாம்."

வண்டி கேட்டின் முன்னால் நின்றது. பின் கதவின் பிடி தானாக அசைந்தது.

"நீ எறங்காத கண்ணு. அசையவே கூடாது. அப்பா தொறந்துட்டு வந்துடறேன்."

இறங்கி ஓடிப்போய்த் திறந்தான். அந்த ஆள் ஓட்ட, வண்டி மெல்ல நகர்ந்து தாண்டியது. லாய்ல் கேட்டை மூடினான். கிளிங்.

"எங்கப்பா இன்னும் ஏறலன்னு கத்தினேன். ஓட்டினவரு நிக்கவே இல்ல" என்று ட்ரூடி பிறகு சொன்னாள்.

விடிந்தபோது வண்டி தார்ச்சாலை ஓரத்தில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஷெரிப்பின் போலீஸ் ஆட்கள் நாய்களோடு மலையைச் சலித்தார்கள். லாய்ல் கிடைக்கவில்லை. அந்த ஒரே கேட் ஒழுங்காகச் சங்கிலி போட்டு மூடியிருந்தது.

போன வருஷம் டெல் அந்த வழியாகத் தனியாக வந்தான். கேட் திறந்தது. திறந்தது லாய்ல். காணாமல் போன அன்றைக்குப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. நேராகப் பின் சீட்டுக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே தேடினான்.

டெல்லுக்கு அழுகை வந்துவிட்டது. "ட்ரூடி வீட்டுக்கு வந்துட்டா மச்சான்... நல்லாருக்கா" என்றான்.

லாய்ல் தலையை ஆட்டினான். கேட்டை மூடப் போனான். டெல் தாண்டிப்போய் நின்றான். கை பக்கத்துக் கதவு வரைக்கும் போனது. சொந்த அக்கா புருஷன்...

கதவைப் பூட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

பின்னால் பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. தார்ச்சாலை வரைக்கும் அந்தக் குரல் விடவில்லையாம்.

"மூடிட்டேன் டெல்... நில்லுடா... நான்தான் மூடிட்டேனே..."