பயறில்லாத சில்லியும் அணைந்த சுடரும்

எனக்கும் வெந்நீர்தான் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போது என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

சபைக் குழுவினர் கேட்டபடி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் டெல்பர்ட் ஸ்டாக்ஸ், வயது எண்பத்தொன்று. நம் பாப்டிஸ்ட் சபைக் கட்டடத்தின் சாவி முப்பத்தோரு வருடமாக என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஞானஸ்நானத் தொட்டிக்கு வெந்நீர் கொடுக்கும் கேஸ் ஹீட்டரும் என் பொறுப்பு. அதன் அடியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு நீலச் சுடர் எரியும். பைலட் என்பார்கள். அது எரிந்தால்தான் பெரிய தீ பற்றும். சனிக்கிழமை மாலை தொட்டியை நிரப்ப ஆரம்பித்தால் ஞாயிறு காலை தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நம் சபையில் நெற்றியில் தெளிப்பதெல்லாம் கிடையாது. ஆளையே முக்கி எடுக்க வேண்டும்.

பிப்ரவரியில் வெர்லின் ஓட்லி என் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். ஏப்ரல் மாதம் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

"அதுக்கு முன்னாடி முங்கிடணும்டா. முங்குறதுக்கு முன்னாடி சபை முன்னால சாட்சி சொல்லும்போது மனசுல உறுத்துறது எல்லாத்தையும் கொட்டிடப் போறேன். எழுபத்தொம்பது வயசு. இனிமே எதையும் மறைக்கக்கூடாது."

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"எல்லாத்தையும்டா."

என் காபி ஆறிப்போனது.

இந்த இடத்தில் சில்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் சபையின் இலையுதிர்கால விருந்தில் இருபத்திரண்டு வருடமாக என் சில்லிக்குத்தான், அந்தக் காரமான இறைச்சிக் குழம்புக்குத்தான், முதல் பரிசு. நீல ரிப்பன்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கின்றன. அந்தச் சில்லி டப்பாவிலிருந்து வந்தது. வெர்லின் ஒஹையோவுக்கு லாரி ஓட்டிய காலத்தில் அங்கிருந்து கொண்டுவருவான். இப்போது தபாலில் வருகிறது. டப்பா என்பது பெரிய விஷயமில்லை. அதில் பயறு இருக்கும். நம் டெக்சாஸில் சில்லியில் பயறு போட்டவனைப் பக்கத்து வீட்டுக்காரன் கூட ஏறிட்டுப் பார்க்கமாட்டான். ஆகவே ஒவ்வொரு வருடமும் நானும் வெர்லினும் அவன் கராஜில் உட்கார்ந்து, இறைச்சிக்குள் ஒளிந்திருக்கும் பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்போம். ஒரு வருடம் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. அவன் பேரன் பேத்திகளின் பெயரை மறப்பான், அந்த எண்ணை மறக்கமாட்டான்.

யோசித்துப் பாருங்கள். ஊரே ருசித்துச் சாப்பிட்ட ஒன்றை இத்தனை வருடம் கழித்து ஊர் வயிற்றிலேயே புளிக்க வைப்பது கிறிஸ்தவச் செயலா? சபையின் ஒற்றுமையை யாராவது காக்க வேண்டுமே. முதல் சனிக்கிழமை தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஹீட்டரின் குமிழை அரைச் சுற்று திருப்பிச் சுடரை அணைத்தேன். ஊதி அணைத்துவிட்டு கேஸைக் கசியவிடும் முட்டாள் நான் இல்லை. பாதுகாப்பு முக்கியம்.

ஞாயிறு காலை தொட்டியில் ஏடு போலப் பனிக்கட்டி படிந்திருந்தது. பாஸ்டர் டிராய் ஒரு விரலை விட்டுப் பார்த்து, அந்த விரலை நாள் முழுக்க அக்குளில் வைத்திருந்தார். ஞானஸ்நானம் தள்ளிப்போனது. எல்லாரும் காற்றைக் குறை சொன்னார்கள். நம் ஊர்க் காற்று எந்தப் பழியையும் மறுத்துப் பேசாது.

அடுத்த வாரம் குழாய்க்காரி ஜோலீன் வந்தாள். சுடரின் சூட்டை உணரும் செப்புக் கம்பியை மாற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். சனிக்கிழமை மறுபடி அணைந்தது. எரிவாயு வரும் நுண்துளையில் சிலந்தி வலை என்று ஊசி விட்டுக் குத்தினாள். ஊசியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி அணைந்தது. புகைபோக்கி வழியாகக் காற்று இறங்குகிறது என்று கூரையில் தகர மூடி வைத்தாள். ஏணியை நான் பிடித்தேன். அணைந்தது.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன், தாத்தா. இப்படி ஒரு பிடிவாதக்காரச் சுடரை நான் பாத்ததே இல்ல."

"சின்னதுங்களுக்குத்தாம்மா பிடிவாதம் ஜாஸ்தி," என்றேன்.

ஐந்தாம் வாரம் சிஸ்டர் நடீன் தலைமையில் பெண்கள் ஹீட்டரைச் சுற்றிக் கைகோத்து நின்று ஜெபித்தார்கள். ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள், நடத்தினேன். நன்றாகவே வந்தது, நடீன் அழுதுவிட்டாள். ஏழாம் வாரம் பாஸ்டரே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். அவருக்குத் தட்டு நிறைய மாட்டிறைச்சி ரோஸ்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயிறு நிறைந்த மனிதன் எவ்வளவு நேரம் விழித்திருப்பான்?

எட்டாவது ஞாயிறுக்கு மறுநாள் ஆபரேஷன். தண்ணீர் அன்றும் சில்லென்றுதான் இருந்தது. இனி வெர்லின் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவான் என்று நிம்மதியாக வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு நின்றேன். வெர்லின் செருப்பைக் கழற்றினான்.

"வெந்நீருக்குக் காத்திருந்தா நான் மோட்சத்துக்கே லேட்டாத்தான் போவேன், பாஸ்டர். முக்குங்க."

பழுதான நெஞ்சை வைத்துக்கொண்டு பனித்தண்ணீரில் இறங்குகிறான். குமிழைத் திருப்பியது என் கைதான். "நில்லுடா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்துவிட்டேன். அதற்குள் அவன் சாட்சி சொல்ல ஆரம்பித்தான்.

"பன்னெண்டு வயசுல டெல்பர்ட்டோட அப்பா தோட்டத்துல தர்ப்பூசணி திருடினேன். ஒண்ணில்ல, பதினொண்ணு. வேற எதுவும் என்னை உறுத்தல."

அந்தப் பதினொன்றுக்கும் என் அப்பா என்னைத்தான் பெல்ட்டால் அடித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முங்கி எழுந்த வெர்லின் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து மெதடிஸ்ட் சபையில் நான்கு பேர் மனந்திரும்பினார்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் பாடகர் குழுவுக்கு நடுவில் குதித்து நின்றான். சபை மொத்தமும் எழுந்து கைதட்டியது. நான் ஓடிப்போய் அவனுக்குத் துண்டைப் போர்த்தினேன்.

அந்தத் துண்டுதான் இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை ஜோலீன் யாருக்கும் சொல்லாமல் ஹீட்டர் குமிழில் தன் லிப்ஸ்டிக்கைத் தடவி வைத்திருக்கிறாள். குமிழைத் திருப்பிய கையோடுதான் மறுநாளுக்கான துண்டை எடுத்து வைத்தேன்; அதில் இருக்கும் ஐந்து சிவப்பு விரல் தடங்களும் என்னுடையவைதான். என் பாட்டுப் புத்தகத்திலும் இருக்கும், பாருங்கள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நெஞ்சைத் திறந்தபோது உள்ளே இன்னும் குளிராக இருந்ததாக டாக்டர் வியந்தாராம். மயக்கத்தில் கிடந்த வெர்லினே சொன்னான். படுக்கையருகே குனிந்து கேட்டேன்.

"ஏன்டா சில்லியைப் பத்திச் சொல்லல?"

"அது பாவமாடா? அது சமையல்."

"அப்ப எட்டு வாரம் நான்..."

"என்ன எட்டு வாரம்?"

"ஒண்ணுமில்ல. ஜெல்லியைச் சாப்பிடு."

ஆகவே சபைக் குழுவினரே, எட்டு சனிக்கிழமையும் சுடரை அணைத்தது நான்தான். செப்புக் கம்பி, சிலந்தி, காற்று மூன்றுமே குற்றமற்றவை. சாகக்கூடிய ஒருவனைப் பனித்தண்ணீரில் இறங்கவிட்டதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை, மனம் லேசாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இதை அக்டோபர் விருந்து முடிந்த பிறகு சபையில் வாசியுங்கள். வெர்லினுக்குக் கை நடுங்குகிறது, டப்பாக்கள் நேற்றே வந்துவிட்டன. இந்த வருடம் பயறை நான் தனியாகத்தான் பொறுக்க வேண்டும். சபையின் ஒற்றுமைக்காக அதையும் செய்வேன்.