ஒன்பதாவது துளை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் சர்வேயர்.

விடியற்காலை நாலே முக்கால். ஆளில்லாத சாலை. வண்டியில் அவர் மட்டும்... பக்கத்து இருக்கை காலி. அதில் உட்கார வேண்டிய மச்சானை வீட்டுப் பின்னறையில் விட்டு, வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தார். சாவி சட்டைப் பையில்.

காரணம் இருந்தது. மேட்டில் ஒன்பது கல்லறைகள். மூவாயிரம் வருஷப் பழசு. ஒவ்வொன்றின் பலகைக்கல்லிலும் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. வருஷத்திலேயே பகல் மிகக் குறைந்த நாளில் சூரியன் எங்கே எழுமோ, சரியாக அங்கே பார்க்கும். எட்டும் அப்படித்தான். ஒன்பதாவது மட்டும் எந்த நாள் அளந்தாலும் இரண்டு டிகிரி விலகியே இருந்தது. அளவு ஒன்று பிசகினாலும், கல்லறைகளைக் காப்பாற்ற அவர் எழுதும் மொத்த அறிக்கையையும் மேலதிகாரி தூக்கிப் போடுவார். புதுச் சாலை கல்லறைகள் மேலேயே போகும். சர்வேயர் வேலையும் போகும்.

ஒன்பதாவதை அளக்கக் கருவி நிற்கும் இடத்தில் ஒரு ஆணி அடித்திருந்தார்கள். அதை நகர்த்தினால் அளவு தப்பும். ஆணி எங்கே என்று தெரிந்தது இரண்டே பேருக்கு: அவருக்கும், கூட அளக்க வரும் மச்சானுக்கும். முந்தின ராத்திரி கேட்டேவிட்டார்.

"ஆணியில கை வச்சியா மச்சான்?"

"என் அக்கா மேல சத்தியமா இல்ல மாமா."

"அவ மேல சத்தியம் பண்ணா நஷ்டம் எனக்குத்தான்டா."

"அப்ப என்னைப் பூட்டி வச்சுக்கங்க. நிம்மதியாத் தூங்குவீங்க."

பூட்டியே விட்டார்.

முந்தின சாயங்காலம் ஆணியைச் சுற்றியும் கல்லறையைச் சுற்றியும் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார். இப்போது மேட்டில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு எறும்புத் தடம்கூட இல்லை. ஆணி அசையவில்லை. துளையிலிருந்து ஈரமண் வாசனை... மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

அளந்தார். அதே இரண்டு டிகிரி.

அப்படியென்றால் நகர்வது ஆணி இல்லை.

துளை பார்க்கும் திசைக்கு வரைபடத்தில் கோடு இழுத்தார். வயல்... தண்ணீர்த் தொட்டி... அவர் தெரு... அவர் வீடு.

விழுந்தடித்துத் திரும்பினார். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தார். அதே ஈரமண் வாசனை. தரையில் சுண்ணாம்புக் காலடிகள். ஜன்னல் இல்லாத சுவரில் தொடங்கிக் கட்டில்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் சுத்தமாக இருந்தன.

"மச்சான்... தப்பா நினைச்சிட்டேன்டா. மன்னிச்சிடு."

அவன் திரும்பாமலே பேசினான். மாமா என்று கூப்பிடவில்லை.

"கதவை மூடு... வெளிச்சம் உள்ள வருது."

அவர் கதவை மூடி, மறுபடியும் வெளியே பூட்டினார்.

மறுநாள் அளந்தபோது ஒன்பதாவது துளை மற்ற எட்டோடு நூல் பிடித்த மாதிரி நின்றது. அறிக்கை தேறிவிட்டது.

பின்னறைச் சாவி மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.