பேக்கில் நின்றவன்

ஏலக்காயை வெயிலில் காயப்போடக் கூடாது. பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடி ஏலத்தில் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதற்காகத்தான் எஸ்டேட்டில் ஸ்டோர் என்று ஒரு கட்டடம் வைத்திருக்கிறோம். வெளியே அடுப்பு எரியும், உள்ளே தகரக் குழாய் ஓடும், அந்தச் சூட்டில் காய் உலரும். காயைப் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டால், காய் வேர்த்து முடிகிறவரை திறக்கக் கூடாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, ஐயா. பேச்சிமுத்துவைக் கொண்டுவந்து இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவன் அடுப்பு எரிக்கிறவன். அடுப்பின் வாய் கட்டடத்துக்குப் பின்புறம் இருக்கிறது, கதவு முன்புறம். உள்ளே ஆள் இருந்தது அவனுக்குத் தெரியாது. பாவம், பிள்ளைகுட்டிக்காரன். அவனை விட்டுவிடுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

நான் மொக்கச்சாமி. சொந்த ஊர் சிலமலை. போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் பெயருக்கு மேஸ்திரி, உண்மையில் கால்பந்தாட்டக்காரன். எங்கள் முதலாளிக்குப் பந்துப் பைத்தியம். வருஷா வருஷம் ஐப்பசியில் எஸ்டேட்டுகளுக்குள் போடியில் ஒரு கோப்பைக்கு ஆடுவார்கள். அதற்காகவே என்னை மலைக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் முதுகு வளைந்து மண்வெட்டி பிடிக்காதவன் நான் ஒருவன்தான்.

நான் ஆடியது பேக்கில். கோல் போடுகிறவனைத்தான் ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பேக்கை யாருக்கும் தெரியாது. அவன் தன் கோலுக்கு முன்னால் நிற்பான், வருகிறவனைத் தாண்ட விடமாட்டான். என் சுபாவத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. வலியப் போய் யாருக்கும் கெடுதல் செய்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டொரு பேருக்குக் கால் உடைந்ததாகச் சொல்வார்கள். அவர்களாக ஓடிவந்து என் காலில் மோதிக்கொண்டவர்கள். நான் நின்ற இடத்தில்தான் நின்றேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ரஷ்யாக்காரர்கள் நம் நாட்டுக்கு வந்து ஆடினார்களே, முதலாளி ரயிலேறிப் போய் அதில் ஒரு ஆட்டம் பார்த்தார். திரும்பி வந்தவர் எங்களை எல்லாம் கூப்பிட்டுவைத்துக் கதை கதையாகச் சொன்னார்.

"அவுங்க பேக்கு ஒருத்தன் நிக்கிறான்டா, கோட்டச் சுவரு கணக்கா. நம்ம மொக்கச்சாமி ஒசரந்தான், அதே தோளு. இன்னிமே இவந்தான்டா நமக்கு ரஷ்யா."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். போடியில் பஸ்சை விட்டு இறங்கினால் டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து, "ரஷ்யா வந்துட்டாரப்பா" என்பார்கள். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரஷ்யா மகள் என்றுதான் பெயர். என் சம்சாரம் ஜக்கம்மாள்கூடக் கோபம் வந்தால், "பெரிய ரஷ்யா" என்பாள். எனக்கு அதுவும் பிடிக்கும். மொக்கச்சாமி என்று எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். ரஷ்யா நான் ஒருவன்தான்.

அந்த ரஷ்யாக்காரனை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டேன். பந்து தூரத்தில் இருக்கும்போது இடுப்பில் கைவைத்து நிற்பானாம். நானும் நின்றேன். அவனுக்கும் வயதாகும், அவன் இடத்துக்கும் ஒருவன் வருவான், அப்போது என்ன செய்வான் என்று யோசித்திருக்கிறேன். அங்கே ஒரே பனி என்கிறார்கள். ஏலக்காய் விளையாது. ஸ்டோரும் இருக்காது.

என் இடத்துக்கு வந்தவன் சுருளிவேல். தேவாரத்துப் பையன், நல்லவன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவனும் பேக்தான், ஆனால் ஆளைத் தொடமாட்டான். பந்து எங்கே வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு போய் நிற்பான், மெதுவாக எடுப்பான், நம் ஆளுக்குத் தள்ளிவிடுவான். முதலாளி அவனுக்கு மதுரையிலிருந்து பூட்ஸ் வாங்கிவந்தார். நாங்கள் எல்லாம் வெறுங்காலில் துணி சுற்றி ஆடுகிறவர்கள். ஒரு நாள் எல்லார் முன்னாலும் முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மொக்க, ஒனக்குத் தப்பாப் பேரு வச்சுட்டேன்டா. நான் பாத்த ரஷ்யாக்காரன் இவந்தான். கோப்பைக்கு இவன் நிக்கட்டும். நீ வெளிய உக்காந்து பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. அந்த வாரத்துக்குள்ளேயே காய் பறிக்கிற பெண்கள்வரைக்கும் அவனை ரஷ்யா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போடி டீக்கடையில் என்னைப் பார்த்து, "என்ன மொக்கச்சாமி, ரஷ்யா எப்படி இருக்காப்ல?" என்று கேட்டான் ஒருவன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் எரிந்தது, அதை மறைக்கவில்லை.

சுருளிவேல் என் வீட்டு வாசலுக்கே வந்தான். "அந்தப் பேரு ஒங்களுதுண்ணே. யாரு என்னயச் சொன்னாலும் எனக்கு நீங்கதான் ரஷ்யாண்ணே" என்றான். அன்றிலிருந்து மலையில் அவன் ஒருவன்தான் என்னை அப்படிக் கூப்பிட்டான். என் பொருளை எனக்கே தானம் கொடுக்க இவன் யார் என்று எனக்கு இருந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

கோப்பை ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பழகும்போது என் முழங்கால் அவன் முழங்காலில் பட்டுவிட்டது. ஆட்டத்தில் நடப்பதுதான். வீங்கிக்கொண்டது. மழை வேறு விடாமல் தூறிக்கொண்டிருந்தது, மலை முழுக்க மூட்டம். ஸ்டோரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி போய்விடும் என்று நான்தான் சொன்னேன். அது புதிதல்ல. கைகால் பிடிப்பு என்றால் அடுப்பு பற்றவைத்த புதிதில் எங்கள் ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்து சூடு வாங்குவார்கள். சூடு ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். தாழ்ப்பாள் வெளியே இருப்பதால் கதவருகில் ஒரு ஆள் நிற்பது வழக்கம். அன்றைக்கு நான் நின்றேன்.

பூட்ஸை வாசலில் கழற்றிவைத்துவிட்டு நொண்டிக்கொண்டு உள்ளே போனான். "கதவச் சாத்திக்கங்கண்ணே, சூடு போயிரும்" என்று அவனேதான் சொன்னான். சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பூட்ஸ் மழையில் நனைந்துகொண்டிருந்தது. புது பூட்ஸ், தோல் கெட்டுப்போகும். எடுத்து விறகுக்கு அடியில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். முதலில் சாதாரணமாக. அப்புறம் பலமாக. பின்புறத்திலிருந்து பேச்சிமுத்து, "அண்ணே, இன்னும் வெறகு போடவா?" என்று குரல் கொடுத்தான். மழை நாளாயிற்றே, குளிர் அதிகமாகத்தான் இருந்தது. "போடுப்பா" என்றேன்.

காய் தரம் பிரிக்கிற சுந்தரம்மாள் அந்தப் பக்கம் வந்தாள். சத்தம் கேட்டு நின்றுவிட்டாள். கனத்த கதவு, ஒட்டி நிற்காதவர்களுக்குத் தட்டுவது மட்டும்தான் கேட்கும்.

"உள்ள யாரோ தட்டுறாகளே அண்ணே?"

"கொழாயி சூடேறுனா அப்படித்தான் சத்தம் போடும் ஆத்தா."

"இல்லண்ணே, ஆளு தட்டுற மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் தெறந்து பாப்பமே."

அவள் கதவுக்கு வந்தாள். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். அவளைத் தொடவில்லை, ஒரு வார்த்தை அதட்டவில்லை. "மொதலாளி காயி. நெறம் போச்சுன்னா ஒஞ் சம்பளத்துலதான் பிடிப்பாக. வெரசா சோலியப் பாரு, போ" என்றேன். வாசலைப் பார்த்தாள். அங்கே பூட்ஸ் எதுவும் இல்லை. போய்விட்டாள். பிறகு அவள் அழுததாகக் கேள்விப்பட்டேன். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்ந்து பேச்சிமுத்து திறந்தபோதுதான் அவன் பார்த்தான். கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தான் சுருளிவேல். அன்றைக்குப் பரப்பிய அந்த ஈட்டுக் காய் நல்ல பச்சை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முதலாளி நிறுத்தவில்லை. நான் பேக்கில் நின்றேன். ஒரு பந்து என்னைத் தாண்டவில்லை. கோப்பையும் வந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவன்கூட என்னைப் பெயர் சொல்லிக் கத்தவில்லை. இடுப்பில் கைவைத்துக்கூட நின்று பார்த்தேன்.

கையை வைத்தால் திறக்கிற கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். அவன்மேல் கோபமா என்றால், கதவுக்கு வெளியே நின்றபோது எனக்குக் கோபமே இல்லை. இடம் போய்விடும் என்ற பயமா என்றால், அதற்கு முழங்கால் வீக்கமே போதும். அவன் முதலில் வெறுமனே "அண்ணே, அண்ணே" என்றுதான் தட்டினான். நான் திறக்கத்தான் போனேன். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் "ரஷ்யாண்ணே" என்றான். "ரஷ்யாண்ணே, முடியலண்ணே, கதவத் தெறங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவ்வளவு சத்தமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. திறந்தால் நிறுத்திவிடுவான்.

இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும், திறந்துவிடலாம் என்று கையைத் தாழ்ப்பாளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நான் கடைசிவரை அங்கேதான் நின்றேன், ஐயா. அவன்தான் நிறுத்திவிட்டான்.