பூட்டினியா, குட்டி?

கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக் கதவுக்கு அது சரி. என் தங்கையின் காருக்குச் சரிப்படாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் உங்களுக்குப் புரியாது. தேநீரை ஆறவிடாதீர்கள், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காருக்குத் துவாரத்தில் போட்டுத் திருகுகிற சாவி கிடையாது. பிஸ்கட் அளவுக்கு ஒரு கறுப்பு ரிமோட்டு. அது கைப்பையில் கிடந்தாலே போதும். கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கினால் கார் பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டியதா என்று சந்தேகப்பட்டு இழுத்தால், சொந்தக்காரி வந்துவிட்டாள் என்று திறந்துகொள்ளும். இப்போது சொல்லுங்கள், முதலிலேயே பூட்டவில்லையா, பூட்டியிருந்ததை நாம் திறந்துவிட்டோமா? கார் வந்த புதிதில் குட்டி வாசலில் நின்று பூட்டுவதும் இழுப்பதுமாகப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

குட்டி என்றால் என் தங்கை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் எனக்குக் குட்டிதான். எங்களைப் பெற்ற அம்மா இறந்துபோனபோது அவளுக்குத் தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. நான்தான் தலைவாரி, சோறூட்டி, படிக்க வைத்தேன். எனக்கு வந்த வரன் தட்டிப்போயிற்று. அவளுக்கு வந்ததை நான் விசாரித்துப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் தூரத்து ஊர்.

நான் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் தேய்ந்துபோனதால் பேருந்து ஏற முடியாது. அவள் கார் எடுத்தால்தான் எனக்கு வெளியுலகம். அதற்காக நான் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றப் போனபோது சாவிக்கடைக்காரரிடம் குட்டி தன் குறையைச் சொன்னாள்.

"கார் நாய் மாதிரிங்க," என்றார் அவர். "எஜமானி வாசனை வந்தா வாலாட்டத்தான் செய்யும். நீங்களே பக்கத்துல போய் நின்னுக்கிட்டுத் திறக்காதேன்னா அது என்ன பண்ணும் பாவம்?"

"அப்ப பூட்டியிருக்கான்னு எப்படித்தான் பாக்குறது?"

"அதான் அக்கா இருக்காங்களே. ரிமோட்ட அக்கா கையில குடுத்துத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அப்புறம் போய் இழுங்க. திறக்கலைன்னா பூட்டினது நிஜம்."

"ஆஸ்பத்திரிக்கும் அக்காவைத் தூக்கிட்டே போகணுமா?"

"ஏன், டிக்கி பெருசாத்தானே இருக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். ரிமோட்டில் உள்ள பூட்டுகிற பொத்தானைத் தொடர்ந்து இரண்டு முறை அமுக்கினால் அது கெட்டிப் பூட்டாம். கண்ணாடியை உடைத்துத் திருடன் உள்ளே கையை விட்டாலும் உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யாதாம். உள்ளே ஏதாவது அசைந்தால் கார் ஊரைக் கூட்டுமாம். குட்டி கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் வேலை முடிந்து வந்ததும் பொத்தானை அமுக்கிவிட்டு ரிமோட்டை என்னிடம் தருவாள். நான் வாசற்படியில் நின்றுகொள்வேன்.

"பூட்டினியா, குட்டி?"

"பூட்டினேன் க்கா."

"இழுத்துப் பாரு."

திறக்காது. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள். சின்ன வயதில் நான் தலைவாரி முடித்ததும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். வேறு ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியில் அவளைப் பொறுப்பாளராகக் கூப்பிடுகிறார்கள். தங்க இடமும் கொடுக்கிறார்கள்.

"எனக்கு?" என்றேன்.

"ஒத்தை ரூம்தான் க்கா. முதல்ல நான் போய்ப் பாக்குறேன். லீவுக்கு லீவு வந்துடுவேன்."

லீவுக்கு லீவு. வளர்த்தவளைப் பார்க்க விருந்தாளியாக வருவாளாம். நறுக்கியதை வாங்கி அடுப்பில் போட்டேன்.

மறுநாள் அவள் கைப்பிடியைத் தொடக் குனிந்தபோது என் விரல் ரிமோட்டின் திறக்கிற பொத்தான் மேல் இருந்தது. லேசாக அமுக்கினேன். திறக்கும்போது காரின் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும். ஆனால் வெயிலில் அது தெரியாது, அவள் பார்வையும் கைப்பிடியில்தான் இருந்தது. கதவு திறந்துகொண்டது.

"பூட்டினேனே க்கா."

"பூட்டியிருந்தா எப்படித் திறக்கும்? அலுப்புல மறந்திருப்பே. பரவாயில்ல, இப்ப பூட்டு."

அவ்வளவுதான் நடந்தது. இதில் கெடுதல் என்ன இருக்கிறது? அலுத்துப்போனவளைப் பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்தேன்.

பிறகு சில நாட்கள் விட்டுவிடுவேன். சில நாட்கள் அமுக்குவேன். தினமும் செய்தால் சாவிக்கடைக்காரரிடம் போய்விடுவாள். ரிமோட்டில் ஆபத்துக்கென்று ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அவள் குளிக்கும்போது அதை அமுக்கினால் கார் அலறும். ஈரத்தலையோடு ஓடிவருவாள். நான் அவளுக்கு முன்னால் போய் ரிமோட்டை அவள் பையிலிருந்து எடுப்பதுபோல எடுத்து நிறுத்துவேன்.

"பைக்குள்ள எதையோ அழுத்துற மாதிரி வச்சிருக்கே பாரு."

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உங்க தங்கச்சி கார் எங்க பேத்தியைவிட அதிகமா அழுதுங்க. ஒரு தொட்டில் கட்டிக் குடுங்களேன்," என்பார். குட்டிக்கு முகம் சிவந்துபோகும். நான்தான் அவளுக்காக மன்னிப்புக் கேட்பேன். "அவளுக்குக் கொஞ்ச நாளா மறதி, மனசுல வச்சுக்காதீங்க," என்பேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். பிறகு கார் அலறினால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

காரில் ஆரம்பித்தது காரோடு நிற்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தாள். எக்ஸ்ரே படத்தில் இடது, வலது என்று ஓர் எழுத்து வைப்பார்களாம். ஒரு கிழவரின் காலைப் படமெடுத்துவிட்டு, எழுத்தை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவரைப் பாதி வழியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். சரியாகத்தான் வைத்திருந்தாளாம். ஆனாலும் அன்று சாப்பிடவில்லை.

"என்னால யாருக்காவது வேற காலை அறுத்துட்டா என்ன க்கா பண்றது?"

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போதவில்லை என்றார். "ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க," என்று நான் சொன்னேன். அவள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் ரிமோட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இனிமே நீயே வச்சுக்கோ க்கா. என்கிட்ட இருந்தா பயமா இருக்கு."

உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா அம்மா? இருந்தால் தெரியும். வளர்த்த கைக்கு அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இருவரும் சேர்ந்து சமைத்தோம். எங்கே போனாலும் என்னைக் கேட்டுத்தான் போனாள். பிறகு போவதையே விட்டுவிட்டாள். நான் பொத்தானைத் தொடவே இல்லை, அவசியம் இருக்கவில்லை.

அதுதான் என் தவறு. தொடாமல் விட்டதும் அவள் தெளிந்துகொண்டே வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் பெட்டியோடு கூடத்தில் நின்றாள். புது ஆஸ்பத்திரி அவளுக்காக இடத்தை வைத்திருந்ததாம். அன்று மாலைக்குள் வந்து சேர வேண்டுமாம்.

"மறதியோடயா போறே?" என்றேன்.

"மறதியோ என்னவோ, அங்க போய் மறந்துக்கிறேன் க்கா." சிரித்தாள். "பெட்டிய வைக்கணும். காரைத் திற."

திறந்துவிட்டேன். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரி செய்தாள். அவளுடைய கைப்பை கூடத்து நாற்காலியில் இருந்தது, போன் அதற்குள். "பையையும் ரிமோட்டையும் எடுத்துட்டு வா க்கா," என்று சாத்துவதற்கு முன்னால் குரல் கொடுத்திருந்தாள்.

நான் வாசற்படியில் நின்று ரிமோட்டில் பூட்டுகிற பொத்தானை இரண்டு முறை அமுக்கினேன்.

நல்ல வெயில். வாசலில் மரம் கிடையாது. ரிமோட்டு உள்ளே இல்லாவிட்டால் அந்தக் கார் கிளம்பாது, கண்ணாடியும் இறங்காது. என் எண்ணமெல்லாம் அந்த மாலை கடந்துவிட வேண்டும் என்பதுதான். ஒரு பொழுது உட்கார்ந்திருந்தால் வேலை போய்விடும், குட்டி வீட்டில் இருப்பாள். வந்ததும் குடிக்கட்டும் என்று தண்ணீரைக் குளிரவைத்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் கைப்பிடியை ஆட்டினாள். செருப்புக் காலால் உதைத்தாள். கண்ணாடியைத் தட்டினாள். ஹாரனை அழுத்தினாள். அவள் அசையும்போதெல்லாம் கார் அலறிவிட்டு அடங்கியது. மாடி ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அப்போது அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அதில் ரிமோட்டு இருந்தது. அதற்கப்புறம் அவள் தட்டவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான், பிடிவாதம் அடங்கினால் ஒரே அமைதி.

மாடி வீட்டுக்காரர் உதவிக்கு வந்தவர் இல்லை, சண்டைக்கு வந்தவர். பேத்தி தூங்கவில்லையாம். காருக்குள் எட்டிப் பார்த்தவர், "ரிமோட்டு எங்கம்மா, ரிமோட்டு எங்க," என்று கத்தினார். "எங்க வச்சாளோ தெரியலையே, மறதிக்காரி," என்றேன். என் முந்தானைக்குள் இருந்தது. அவர் பூந்தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் போட்டார். குட்டி தோல் கொப்பளித்து, நினைவில்லாமல் இருந்தாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்று இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உங்கள் டாக்டர் சொன்னார்.

நினைவு வந்ததும் அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தானே பூட்டிக்கொண்டதாகச் சொன்னாள். தனக்கு முற்றிய மறதி என்றாள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினாளாம். அங்கே அவள் சம்மதித்தால்தான் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியுமாமே. அவளுடைய துணிமணிகளைக் கொண்டுவரச் சொல்லி நீங்கள் என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதனால்தான் துணியைக் கொண்டுவராமல் நான் மட்டும் வந்தேன்.

அவளுக்கு மறதி கிடையாது அம்மா. ஒருநாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவள் பூட்டினாள், நான் திறந்தேன். கடைசியில் நான் பூட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல தெளிவோடு இருப்பவளை அந்த இல்லத்தில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். வெந்துபோன முகத்தைப் பார்த்தால் அக்கா தாங்கமாட்டாள் என்றுதான். போர்வைக்குள் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே பைத்தியக்காரிப் பட்டம் கட்டிக்கொண்டவள் அவள். இவ்வளவு பாசம் வைத்திருப்பவளை ஊர் பேர் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி வீடு திரும்புவேன், நீங்களே சொல்லுங்கள்.