பொம்மைக்குப் போட்ட சட்டை

மானாம்பதி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“என் பொம்மையைத்தான்யா ஊரே விசாரிக்குது.”

“எந்தப் பொம்மை?”

“கம்பங்கொல்லையில குருவி விரட்ட வெச்சது. என் பழைய சட்டையை மாட்டிவுட்டேன். சைக்கிள்ல போறவன்லாம் நான்னு நெனைச்சி, ‘இன்னா கவிஞரே, சாப்ட்டாச்சா?’ன்னு கேட்டுக்கினு போறான்.”

“உன்னை நேர்ல கேக்கறதில்லியா?”

“நின்னா கவிதை படிச்சிக் காட்டுவேன்னு பயம். பொண்டாட்டி செத்தப்புறம் என்னை யாரும் அப்படிக் கேக்கலப்பா.”

“அறுப்புதான் முடிஞ்சிதே, பொம்மையைப் புடுங்கிப் போடு.”

“மாட்டேன். வரப்புக்குப் பின்னால குந்திக்கினு, ‘ஆச்சிப்பா, நீ சாப்ட்டியா?’ன்னு தெனமும் நான்தான் பதில் சொல்லிக்கினு கீறேன்.”