ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன்

...எல்லாரு முன்னாடியும் அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்றது? நீங்களே சொல்லுங்க! ஐயோ, வேணாம் வேணாம், பேசாதீங்க, வாயில பஞ்சு வச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் திறங்க... ம்ம். கடவாய்ப்பல்லு, நல்லாவே குழி விழுந்திருக்கு. ஊசி போட்டாச்சு, மரத்துப் போகட்டும். அதுக்குள்ள சொல்லிடறேன்.

எங்க அபார்ட்மென்ட்ல வாசகர் வட்டம்னு ஒண்ணு. மாசம் ஒரு புஸ்தகம். இந்தத் தடவை ஒரு நாவல்... தலகாணி சைஸு! ஒரு ஊரே கொஞ்சம் கொஞ்சமா குலைஞ்சு போகுது. முதல்ல கரண்டு போகுது, அப்புறம் தண்ணி, அப்புறம் மருந்துக்கடை... கடைசில போலீஸ்காரனே யூனிஃபார்மைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடறான். நடுவுல ஒரு புருஷன் பொண்டாட்டி. அவன் கணக்கு வாத்தியார், அவ நர்ஸு. பிரிஞ்சுடறாங்க. அவ்ளோதான்! என்ன, தலையாட்டறீங்க... நீங்களும் படிச்சிருக்கீங்களா? நல்லதாப் போச்சு.

எங்க வீட்டுக்காரர் ராசிபலனைக்கூட முழுசாப் படிக்காத ஆளு. இதை மட்டும் பாத்ரூமுக்குக்கூட எடுத்துட்டுப் போனாரு! வெளிய வரப்ப கண்ணெல்லாம் சிவப்பு. கேட்டா, சோப்பு பட்டுடுச்சாம்.

கூட்டத்துல ஆளாளுக்கு அளக்கறாங்க. கீழ்வீட்டு வக்கீலம்மா "அரசியல்"ங்கறாங்க, மேல்வீட்டு மேனேஜர் "படிமம்"ங்கறாரு. நானும் ஏதாவது பேசணுமில்ல? எங்க ஆளைப் பார்த்துக் கேட்டேன்: "ஏங்க, ஊரே இப்படி இடிஞ்சு, நான் எங்கயோ போயிட்டா, எனக்காகக் காத்திருப்பீங்களா?"

சும்மா ஒரு பேச்சுக்கு "இருப்பேம்மா"ன்னா நாக்கு வெந்துடுமா? மனுஷன் என்னையே பார்த்தாரு. "மாட்டேன். ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன். நீ போ"ன்னாரு.

"நீ போ"வாம்! வக்கீலம்மா கண்ணைத் துடைச்சுக்கறாங்க... எல்லாம் என்மேல பரிதாபம்! விருட்டுனு எழுந்து வந்துட்டேன். அன்னிலேர்ந்து பேச்சு கிடையாது. இன்னிக்குக் காலைல "சீப்பு எங்க"ன்னாரு. சுவத்தைப் பார்த்து, "சில பேருக்குக் காத்திருக்கத்தான் தெரியாது, தேடவாவது தெரியணும்"னேன். எப்படி!

என்ன, கையை ஆட்டறீங்க... வலிக்குதா? பஸ்ஸா? எந்த பஸ்ஸு? இருங்க, பஞ்சை எடுக்கறேன்.

ம்... ஊரை விட்டுக் கிளம்பற கடைசி பஸ்ஸு... ஒரே ஒரு சீட்டு... அவ ஏற மாட்டேங்கறா... ம்... அதனால வாத்தியார் அவளை எப்படியாவது ஏத்தி அனுப்பறதுக்காக...

என்னது! அப்ப அது நாவல்ல வர்றதா? அவன் அவகிட்ட சொல்றதா?

இல்லைங்க, அந்த இடம் எனக்கு... வந்து... முன்னாடி கொஞ்சம் படிச்சேன். பின்னட்டை முழுசாப் படிச்சேன்! நடுவுலதான்... கிளினிக்கு, பல்லு, ஈறுன்னு ஓடிப்போச்சு. அப்படிப் பார்க்காதீங்க! நான் படிச்சிருப்பேன்னு நம்பித்தானே அவரு... ஐயோ. சரி, பஸ்ஸு போனதும் அவன் என்ன பண்றான்?

...தினமுமா? அதே ஸ்டாப்புலயா? பஸ்ஸே வராதுன்னு தெரிஞ்சுமா?

போதும், நிறுத்துங்க. அந்த மேஜை மேல என் ஃபோன் இருக்கு, இப்படிக் கொடுங்க. உங்க பல்லு எங்கயும் ஓடிடாது, பேசாம படுங்க.

...ஹலோ? ...ம், நான்தான்... ஒண்ணுமில்ல, சும்மாதான்... சாப்பிட்டீங்களா?